தட்டில் வந்த ஐந்து எலுமிச்சை

நல்ல அண்டை வீட்டுக்கு விலையே இல்லை என்பார்கள். எங்கள் பெலிக்கன் தெருவில் உண்டு. ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாலர். நானாகச் சொல்லவில்லை. என் வீட்டை விற்றுத் தர வந்த தரகு அம்மாள் சொன்ன கணக்கு. மாடிக்கு வந்தாள், மேற்கு சன்னலில் நின்று, "கடல் தெரியுது, ரொம்ப நல்லாயிருக்கு" என்றாள். அப்புறம் வடக்கு சன்னலுக்குப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் எலுமிச்சை மரத்தடியில் ஆறு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். "இவங்களும் தெரியறாங்களே" என்றாள். அந்த இரண்டாவது காட்சிக்கான கழிவுதான் மேலே சொன்ன தொகை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். காபிக்கு நன்றி, காவல் நிலையத்துக் காபி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ஏதோ வாங்குவதற்காகத்தான் கொடுக்கிறீர்கள் என்று தெரியும். அதனால் ருசி குறைந்துவிடவில்லை.

என் அப்பா ஃப்ரெஸ்னோவில் கம்பளம் விற்றவர். சித்தப்பாக்கள் இரண்டு பேரும் அதே தெருவில் எதிரும் புதிருமாகக் கடை வைத்து, வாடிக்கையாளர் முன்னால் சண்டை போட்டுக்கொண்டு, சாயங்காலம் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நம்பியதில்லை, அதனாலேயே மனஸ்தாபமும் வந்ததில்லை. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். கம்பளத்தின் முகத்தைப் பார்க்கிறவனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசு, அதைப் புரட்டிப் போட்டு முதுகு முடிச்சை விரலால் தடவுகிறவனிடம் பேசாதே, அவனிடம் நியாய விலையைச் சொல்லிவிடு. நேற்று நீங்கள் அந்த வெள்ளித்தாள் பொட்டலத்தை மேசைமேல் வைத்தீர்கள். புரட்டிப் பார்த்துவிட்டீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆகவே நியாய விலையைச் சொல்கிறேன்.

பெயர் நுபார் ஹலீஜியன். வயது அறுபத்து மூன்று. மனைவி இல்லை, காலமாகி நான்கு வருடம். சான் தாதியோ நகராட்சியில் இருபத்தாறு வருடம் கட்டட விதி ஆய்வாளர். கடைசி ஆறு வருடம் 'தெளிவு இல்லம்' என்று தாளில் எழுதப்படும் வீடுகள் என் பொறுப்பு. குடியையும் போதையையும் விட்டவர்கள் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு ஒரு பொறுப்பாளரின் கண் பார்வையில் சேர்ந்து வாழும் வீடுகள் அவை. நல்லவர்கள் நடத்துவதும் உண்டு. கட்டிலுக்கு இவ்வளவு என்று ஆட்களைப் பிடித்து அடைத்துவிட்டு, காப்பீட்டுப் பணம் தீர்ந்த அன்று கருப்புப் பைகளோடு நடைபாதையில் இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. அப்படி இறக்கிவிடப்பட்ட பெண்ணொருத்தி பேருந்து நிழற்குடையில் செத்துக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் நகராட்சி விதி கொண்டுவந்தது. வரைவு எழுதியது நான். மன்றம் ஏற்றுக்கொண்டபோது ஒரு கமா கூட மாறவில்லை.

விதி சின்னது. ஒரு வீட்டில் ஆறு பேருக்கு மேல் கூடாது. இரண்டு இல்லங்களுக்கு நடுவே எழுநூறு அடி இருக்க வேண்டும். போதையில் இருப்பவரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. எவரையும் நாற்பத்தெட்டு மணி நேர அவகாசம் தராமல் வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது. பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டு பெரிய மீறல் என்றால் உரிமம் ரத்து.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றோடொன்று முட்டுகிறதே என்று கேட்பீர்கள். மன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை. முட்டாது. அப்படியொரு நிலைமை வந்தால் நகராட்சிக்குப் போன் செய்ய வேண்டும். போதை இறக்கும் மருத்துவமனையில் அவர்கள் கட்டில் பிடித்துக் கொடுப்பார்கள், நாற்பத்தெட்டு மணி நேரமும் அங்கே கழியும். ஒழுங்காக எழுதப்பட்ட விதி அது.

பக்கத்து வீட்டை நடத்தியவள் கோன்சுவேலோ இபாரா. எல்லோருக்கும் சேலோ. ஒரு காலத்தில் அவளும் தெருவில் கிடந்தவள்தான், இப்போது பதினோரு வருடமாகத் தெளிவு. மூன்று வருடத்துக்கு முன் அவள் உரிமம் கேட்டு மனு போட்டபோது நான் வேலையில் இருந்தேன். அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு அடுத்த இல்லம் வரைக்கும் போனேன். எழுநூற்று நான்கு அடி. மூன்று தரம் உருட்டினேன். தெருவே சன்னலில் நின்று பார்த்தது. எதிர்வீட்டு மிசஸ் லூமிஸ் வெளியே வந்து, "நுபார், அந்தச் சக்கரத்துக்குக் கொஞ்சம் காத்து ஜாஸ்தி அடிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அறுநூற்றுத் தொண்ணூற்றாறு என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் எழுதவில்லை. தாளில் பொய் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சேலோவின் வீடு நல்ல வீடு, அதையும் சொல்லிவிடுகிறேன். புல் வெட்டியிருக்கும், பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். ஆனால் எங்கள் தெருவுக்கு அதனால் சந்தேகம் கூடியதே ஒழியக் குறையவில்லை. இவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்களே, எதை மறைக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மிசஸ் லூமிஸ் சிகரெட் துண்டுகளை எண்ணி நகராட்சியின் இணையப் புகார்ப் பெட்டியில் எழுதினாள். சைக்கிள் காணாமல் போனவர் முதலில் அந்த வீட்டைப் பார்த்தார். சைக்கிள் தன் மருமகனிடம் கிடைத்த பிறகும் அதே பார்வைதான். உள்ளே இருந்தவர்களும் சளைத்தவர்கள் அல்ல. ஒருவன் குளியலறையில் ஐந்து நிமிடம் கூட இருந்தால் வெளியே இன்னொருவன் காதை வைத்துக் கேட்பான். வெள்ளிக்கிழமை தோறும் காலை ஆறரைக்கு சேலோ எல்லோரிடமும் சிறுநீர் வாங்கிச் சோதிப்பாள். பிளாஸ்டிக் குவளை, பக்கவாட்டில் கோடு விழும் பட்டைகள், விலை நான்கு டாலர். நம்பிக்கை இருக்கிற வீட்டில் அந்தக் குவளைக்கு வேலை இல்லை.

போன கோடையில் ஒருவனுடைய தம்பி ஓர் இரவு சோபாவில் படுத்தான். ஏழு தலை. மிசஸ் லூமிஸ் எண்ணினாள். அது முதல் மீறல். அதில் எனக்குப் பங்கில்லை.

அந்த ஆறு பேரில் வெண்டல் ஹக்கபி ஒருவன். முப்பத்தொரு வயது, ஓக்லஹோமாக்காரன். எண்ணெய்க் கிணற்றில் முதுகு ஒடிந்தது, வலிக்கு மாத்திரை, மாத்திரை நின்றதும் தூள், வழக்கமான பாதை. பதினோரு மாதத்துக்கு மேலாகத் தொடவில்லை. மார்ச் மூன்றாம் தேதி ஒரு வருடம். அன்றைக்கு இல்லத்திலிருந்து கடிதம் கொடுத்தால், அவன் தன் மகளைச் சனிக்கிழமைகளில் பார்க்கலாம் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஜோசி, ஆறு வயது. இதையெல்லாம் நான் கேட்காமலே சொன்னான். வீட்டைக் காலி செய்வதற்காக நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வேலி வழியாகப் பார்த்துவிட்டு வந்து தூக்கிக் கொடுத்தான். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. காசு வாங்காதவனை எங்கள் குடும்பத்தில் இரண்டு முறை பார்ப்போம். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம் சார். அந்த வீட்ல எல்லாரும் என்னைப் பத்திதான் கேப்பாங்க. எப்படி இருக்கே, ஆசை வருதா, ராத்திரி தூங்கினியா? உங்ககிட்ட வந்தா பெட்டியைப் பத்தி மட்டும் பேசலாம்" என்றான்.

அதுமுதல் தினமும் வந்தான்.

பிப்ரவரியில் ஒரு கண் மருத்துவரும் அவர் மனைவியும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். வடக்கு சன்னலைத் திறந்து பார்த்தார்கள். பக்கத்து வீடு வெறும் வீடாக இருந்தால் முழு விலை, இப்படியே இருந்தால் தரகு அம்மாள் சொன்ன கழிவு. எழுதியே கொடுத்தார்கள், மாத முடிவு வரை தவணை. நான் யோசித்தேன். இந்தத் தெருவில் முப்பது வருடம் வரி கட்டியவன் நான். அவர்கள் வாடகைக்கு வந்து மூன்று வருடம். ஒரு உரிமம் ரத்தானால் ஆறு பேர் வேறு ஆறு கட்டிலுக்குப் போவார்கள், நகரத்தில் கட்டிலுக்கா பஞ்சம்? யாருக்கும் நஷ்டம் இல்லாத வியாபாரம் என்றுதான் எனக்குப் பட்டது. இன்றைக்கும், நடந்த ஒன்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அப்படித்தான் படுகிறது.

சேலோவின் குளிர்பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். வேலையில் இருந்தபோது வருடம் இரண்டு முறை அதைப் படித்திருக்கிறேன், கடமைக்காக. உள்ளே கொண்டுவரக் கூடாதவை: வாய் கொப்பளிக்கும் மருந்து, இருமல் மருந்து, வெனிலா எசன்ஸ், கசகசா. கடைசியில் உள்ளதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. கசகசாவும் அபினும் ஒரே செடியின் பிள்ளைகள். ஒருவன் கசகசா நிறையத் தின்றுவிட்டு மறுநாள் அந்த நான்கு டாலர் குவளையில் பெய்தால், குவளைக்கு வித்தியாசம் தெரியாது. பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் தெரியும். அதற்கு நான்கைந்து நாள் ஆகும்.

என் அப்பாவின் முன்னோர் வந்த ஊர் துருக்கியில் இருக்கிறது, ஊரின் பெயருக்கே அபின் என்றுதான் அர்த்தம். அங்கே கசகசாவை வறுத்து, எண்ணெய் விடும்வரை அரைத்து, பழுப்பு விழுதாக்கி ரொட்டிக்குள் சுருட்டுவார்கள். என் மனைவி பண்டிகைக்குச் செய்வாள். பேரீச்சையும் வால்நட்டும் சேர்த்தால் உள்ளே இருப்பது கசகசா என்று சத்தியம் செய்து சொன்னாலும் நம்ப மாட்டார்கள். விழுது க்ளென்டேலில் ஆர்மீனியக் கடையில் கிடைக்கிறது. மாவும் வெண்ணெயும் சேர்த்துப் பதினோரு டாலர் நாற்பது சென்ட்.

அந்தப் பலகாரத்தை இரண்டு வகையாகச் செய்தேன். வெறும் பேரீச்சையில் ஏழு, இல்லத்தில் இருக்கிற ஆறு பேருக்கும் சேலோவுக்கும். விழுது வைத்து ஐந்து. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. வியாழக்கிழமை சாயங்காலம் வெண்டல் வந்தான். சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, காபி போட்டு, ஐந்தையும் அவன் முன்னால் வைத்தேன். தயக்கத்தோடு, "இதுல கசகசா இல்லையே சார்? எங்க வீட்டுப் பட்டியல்ல இருக்கு" என்றான். அவனும் ஜாக்கிரதையானவன்தான். பேரீச்சையும் வால்நட்டும் என்றேன். பொய் இல்லை, இரண்டும் இருந்தன.

நான்கு தின்றான். ஐந்தாவதைக் கையில் கொடுத்து, போகிற வழியில் தின்னச் சொன்னேன். மற்ற ஏழையும் என் மனைவியின் நீலத் தட்டில் அடுக்கிக் கொடுத்தேன், வீட்டாருக்கு என்று. அவன் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "மூணு வருஷத்துல இந்தத் தெருவிலேர்ந்து அந்த வீட்டுக்கு வர்ற முதல் தட்டு இது, தெரியுமா சார்?" என்றான். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன், பேச்சுக்காகத்தான். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது, ஏதாவது வைத்துத்தான் திருப்ப வேண்டும். சிரித்தான்.

ஏன் வெண்டல் என்று நேற்றுக் கேட்டீர்கள். புதிதாக வந்தவன் ஒருவன் சறுக்கினால் சேலோ பதற மாட்டாள், முறைப்படி செய்வாள். வெண்டல் அவளுடைய தங்கக் காசு. அவனை விட்டுக்கொடுக்க மனம் வராது, வளைந்து கொடுப்பாள். வளைந்தால் மீறல். வளையாமல் வெளியே அனுப்பினாலும் மீறல். முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும். அப்பா இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

எங்கள் நகராட்சி ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். ஒன்பது நாளில் எண்பது மணி நேரத்தை முடித்துவிட்டுப் பத்தாம் நாள் வீட்டில் இருப்பார்கள். இருபத்தாறு வருடம் அந்த விடுமுறையை அனுபவித்தவன் நான். இது எந்த வெள்ளி என்று காலண்டர் பார்க்காமலே தெரியும்.

மறுநாள் நண்பகலில் சேலோ என் வாசலுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவளுக்கு என்மேல் எந்த நாளும் நம்பிக்கை இருந்ததில்லை, அன்றைக்கு வேறு வழி இல்லை.

"இன்ஸ்பெக்டரே, நீங்க எழுதின விதி. நீங்களே சொல்லுங்க. வெண்டலுக்குக் கோடு விழுந்திருக்கு. ரெண்டு தரம் பாத்துட்டேன்."

"வெண்டலா?" என்றேன்.

"அவன் சத்தியம் பண்றான். எனக்கு அவனை நம்பணும்னுதான் இருக்கு. ஆனா நானும் ஒரு காலத்துல இதே மாதிரி எங்கம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணவதான், ஊசியை சாக்ஸ்ல வெச்சுக்கிட்டே." மூச்சு வாங்கினாள். "வெச்சுக்கலாமா, அனுப்பலாமா?"

"வெச்சுக்கக் கூடாதுன்னு ஒரு பிரிவு. அனுப்பக் கூடாதுன்னு ஒரு பிரிவு."

"அது தெரியும். நான் என்ன செய்ய?"

"நகராட்சிக்குப் போன் போடு."

"காலையிலேர்ந்து போடறேன். இன்னிக்கு லீவாம், மிஷின் பேசுது."

"அப்படியா? நான் ரிடயர் ஆனவன், இதையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கறதில்லை" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். சந்தேகப்பட்டாள் என்றே நினைக்கிறேன். ஆனால் எதைச் சந்தேகிப்பது என்று தெரியாமல் போய்விட்டாள். விதியின் கடைசிப் பக்கத்தில் அடிக்குறிப்பாக ஒரு வரி இருக்கிறது. அலுவலகம் மூடியிருந்தால் தீயணைப்பு நிலையத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், கட்டில் ஏற்பாடு செய்வார்கள். அந்த வரியை எழுதியதும் நான்தான். கடைசிப் பக்கத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.

அந்த வீட்டில் ஒருவனை வெளியே அனுப்புவதைச் சேலோ மட்டும் தீர்மானிக்க முடியாது. வாக்கெடுப்பு உண்டு. எல்லோருக்கும் பெயர் எழுதிய காபிக் கோப்பை உண்டு. இருக்கட்டும் என்பவன் தன் கோப்பையை மேசைமேல் நிமிர்த்தி வைப்பான், போகட்டும் என்பவன் கவிழ்த்து வைப்பான். என் வடக்கு சன்னலிலிருந்து அவர்கள் சமையலறை மேசை தெரியும். பேச்சு கேட்கவில்லை, பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒருவன், வியாழக்கிழமை இருட்டின பிறகு வெண்டல் எதையோ மறைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன் என்றானாம். என் ஐந்தாவது பலகாரமாகத்தான் இருக்க வேண்டும். இன்னொருவன், நாம எல்லாரும் அதே பலகாரம்தான தின்னோம், நமக்கு ஒண்ணும் வரலையே என்றானாம். பலகாரம்தான் காரணம் என்று வெண்டல் சொல்லியிருக்கக்கூடிய ஒரே வாதம், அவனுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. நான்கு கோப்பை கவிழ்ந்தது. ஒன்று நிமிர்ந்து நின்றது. வெண்டலின் கோப்பையைச் சேலோ கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தாள். அதற்கு நேரம் எடுத்துக்கொண்டாள்.

நான்கு நாற்பதுக்கு என் கதவு தட்டப்பட்டது. வெண்டல். படியில் இரண்டு கருப்பு பிளாஸ்டிக் பை. கையில் என் நீலத் தட்டு, கழுவித் துடைத்தது, மேலே ஐந்து எலுமிச்சம்பழம்.

"நீங்க எனக்குன்னு குடுத்தது அஞ்சு. இதுவும் அஞ்சு. வெறுந்தட்டு கூடாதுன்னீங்களே" என்றான்.

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தும் பார்த்தேன். எதையும் பார்க்காமல் வாங்குவதில்லை, ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

"சார், ஒண்ணு மட்டும் கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பலகாரத்துல வேற ஏதாச்சும் இருந்திருக்குமா? மாவுக்கடையில கலந்திருக்கலாம், உங்களுக்கே தெரியாம இருக்கலாம். நான் வேற எதுவுமே தொடலை. நீங்க வந்து சேலோ அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவங்க லேப்ல ரிசல்ட் வர்ற வரைக்கும் நிறுத்தி வைப்பாங்க."

அவன் கெஞ்சவில்லை. வாடிக்கையாளர் விலை கேட்பது போலத்தான் கேட்டான். குற்றம் என்மேல் வராதபடி வழியும் அவனே போட்டுக் கொடுத்தான்: உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம் என்று. நல்ல பேரம். ஒரு நொடி எனக்கு ஆசையாகக்கூட இருந்தது.

"பேரீச்சையும் வால்நட்டும்தான், தம்பி" என்றேன்.

தலையை ஆட்டினான். பிறகு அவன் சொன்னதுதான் எனக்கு அவ்வப்போது ஞாபகம் வருகிறது. "அப்ப நானேதான் எப்பவோ எடுத்திருக்கணும்" என்றான். "தூக்கத்துல எடுத்தேனோ என்னவோ. முன்னாடி அப்படியும் நடந்திருக்கு." என்மேல் படவேண்டிய சந்தேகத்தை அவனே தன்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டான். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருத்தரும் இருந்ததில்லை. அதற்கு எப்படி விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பேரீச்சையும் வால்நட்டும்தான் என்றது பேச்சில் சொன்னதுதான். தாளில் ஏறவில்லை.

சேலோ தன் வண்டியை எடுத்து வரும்வரை அவன் நடைபாதை ஓரத்தில் இரண்டு பைகளோடு நின்றான். நான் சன்னலிலிருந்து படம் எடுத்தேன். நேரம் நான்கு ஐம்பத்திரண்டு, படத்திலேயே பதிந்திருக்கிறது. நகராட்சி மூடியிருந்தாலும் அதன் புகார்ப் பெட்டி மூடுவதில்லை. ஐந்து மணிக்குள் அனுப்பிவிட்டேன். சேலோ அவனைக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்குக் கொண்டுபோய், சொந்தக் காசில் இரண்டு இரவுக்கு அறை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நாற்பத்தெட்டு மணி நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் செய்திருக்கிறாள், பாவம். விதியில் 'இல்லத்திலேயே அல்லது மருத்துவமனையில்' என்று இருக்கிறது. விடுதி என்று இல்லை. நான் எழுதியதுதானே.

ஞாயிற்றுக்கிழமை காலை அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் அவனைக் குளியலறைத் தரையில் கண்டாள். பழைய நாளில் எடுத்த அதே அளவை எடுத்திருக்கிறான். பதினோரு மாதம் தொடாத உடம்பு அந்த அளவை மறந்திருக்கும். இது இல்லத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், சுவரில்கூட எழுதி வைத்திருப்பார்கள். அவனுக்கும் தெரியும். நாற்பத்தெட்டு மணி நேரம் முடிய ஏழெட்டு மணி மீதி இருந்தது.

புதன்கிழமை பரிசோதனைக் கூடத்துக் கடிதம் வந்தது. கசகசாவில் மட்டும் இருக்கும் ஒரு பொருள் தென்பட்டது, உணவிலிருந்து வந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். சேலோ அதை வாசல்படியில் உட்கார்ந்து படித்தாள். நான் சன்னலில் இருந்தேன். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து, தெருவில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அதுவரை தெரு அந்த வீட்டைப் பார்த்தது. அன்றைக்கு அந்த வீடு தெருவைப் பார்த்தது.

உரிமத்தை உடனே நிறுத்திவைத்து, பிறகு ரத்து செய்தார்கள். ஐந்து பேரும் போய்விட்டார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. மாத முடிவுக்குள் கண் மருத்துவர் முழு விலையில் கையெழுத்திட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வீட்டைக் காலி செய்யும்போது சேலோ உறைபெட்டியைக் காலி செய்வாள் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

உங்கள் மேசைமேல் இருக்கிற பொட்டலம் அதுதான். வெள்ளித்தாளின்மேல் ஒட்டுத்தாள், அதில் பேனாவால் 'மார்ச் 3, ஜோசியும் நானும்' என்று அவன் கையெழுத்து. ஐந்தாவதை வழியில் தின்பான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவன் தின்னவில்லை. இருட்டில் மறைத்துக்கொண்டு வந்தது, மற்றவர்கள் கண்ணில் படாமல் மகளோடு பாதி பாதி பங்கிட்டுக்கொள்ள வைத்திருந்ததை. நாற்பது வருடத்தில் கண்ணெதிரே கை மாறிய சரக்கை நான் தப்பாக எண்ணியது இது ஒரு தடவைதான்.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். பலகாரம் செய்தேன், கொடுத்தேன். இருந்ததை இல்லை என்றேன். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டேன். படம் எடுத்து அனுப்பினேன். இந்த நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஐந்தாவதாக விடுதி அறையில் நடந்தது அவனுடைய கையால் நடந்தது, அதை என் பக்கம் எழுத முடியாது. அப்படி ஒன்று நடக்கக் கூடாது என்றுதானே அந்த நாற்பத்தெட்டு மணி நேர விதியையே நான் எழுதினேன்.

மற்றபடி யாருக்கும் எதுவும் நிலுவை வைக்கிற ஆள் இல்லை நான். தட்டு என்னிடம் திரும்பி வந்துவிட்டது. சேலோ அந்த விடுதிக்குக் கொடுத்த நூற்று எழுபத்தெட்டு டாலரை அவளுக்கு அனுப்பினேன், அவள் காசோலையைக் கிழித்துத் திருப்பி அனுப்பினாள், அது அவள் இஷ்டம். வெண்டல் கணக்கு மட்டும் நேற்றிலிருந்து உறுத்துகிறது. ஐந்துக்கு ஐந்து, நேர் என்று இருந்தேன். இப்போது பார்த்தால் அவன் தின்றது நான்குதான், கொடுத்தது ஐந்து பழம்.

ஆக, ஒரு எலுமிச்சம்பழம் நான் அவனுக்குப் பாக்கி.